அவசர மருந்துக்கு ஒரு பெட்டி: ஐஸா, பேட்டரியா, மெழுகா?

அவசர மருந்து வைக்கும் பெட்டியின் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். பையின் அடியிலோ மேசை இழுப்பறையிலோ வண்டி இருக்கையின் பின்னாலோ அது பாட்டுக்குக் கிடக்கும். பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு நிமிடத்துக்குள் அதைத் திறந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் மருந்து அந்த நிமிடம் வேலை செய்தாக வேண்டும்.

தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. முகாம் என்றைக்கு என்று தெரியும். காலையில் ஒருவர் ஐஸ் எடுத்து அடுக்குகிறார், மாலையில் திருப்பிக் கொண்டுவருகிறார். அவசர மருந்துக்கு அப்படி ஒரு காலை கிடையாது. அதனால் ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது ‘எவ்வளவு நேரம் குளிர்ச்சி தாங்கும்’ என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். யாருமே நினைவு வைத்துக்கொள்ளாவிட்டாலும் அது தயாராக இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கவர்ச்சியான சில வழிகள் பின்னுக்குப் போகின்றன. சாதாரணமாகத் தெரியும் ஒன்று முன்னால் வருகிறது.

முதலில் மருந்து என்ன கேட்கிறது?

பெட்டி செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ‘குளிர்ச்சியாக வைக்க வேண்டும்’ என்றே ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே பாதை தவறிவிடுகிறது. கடும் ஒவ்வாமைக்குப் போடும் எபிநெஃப்ரின் ஆட்டோ இன்ஜெக்டரை (அழுத்தினால் தானே மருந்தைச் செலுத்தும் ஊசிப்பேனா) குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று அதன் குறிப்புத்தாளிலேயே இருக்கும். அதற்கு ஏற்ற வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். இடையில் சிறிது நேரம் 15 வரை இறங்கலாம், 30 வரை ஏறலாம். ஒளியும் படக் கூடாது. சர்க்கரை ஆபத்தாக இறங்கும்போது போடும் குளுகாகான் அவசர ஊசியும் அறை வெப்பநிலை வகைதான். பயன்படுத்தத் தொடங்கிவிட்ட இன்சுலின் பேனாவையும் இந்தப் பக்கமே சேர்க்கலாம். தயாரிப்பைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நான்கு வாரம் அதை வெளியே வைத்திருக்க அனுமதி உண்டு.

இன்னொரு பக்கம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகள். திறக்காத இன்சுலின், பிரசவ இரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின், செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தும்போது தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம், வலிப்பை அடக்கும் லோரசெபாம் ஊசி எல்லாம் இதில் வரும்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பெட்டி சரிவராது. ஒன்றுக்கு நல்லது செய்யும் குளிர் மற்றொன்றுக்குக் கெடுதல். இரண்டையும் சமாளிக்கும் ‘எல்லாம் வல்ல’ பெட்டி வேண்டும் என்று ஆசைப்படுவது, எடையையும் விலையையும் ஏற்றிக்கொண்டு கடைசியில் இரண்டையுமே அரைகுறையாகக் காப்பாற்றுவதில்தான் முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள், உறைவை மறந்துவிடுகிறார்கள். சூடு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமிழக்கச் செய்யும். அதில் ஓரளவு தாங்கும் இடைவெளி இருக்கிறது. உறைவு ஒரே தடவையில் கதையை முடித்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிய பிறகு பார்க்க நன்றாகத் தெரிந்தாலும், எறிந்துவிட வேண்டும். அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசிகளுக்கும் இதே கதிதான்.

பெட்டியே வேண்டாம் என்ற வழியும் உண்டு. வடிவமைப்பாளர்கள் இதைக் கேட்க விரும்ப மாட்டார்கள், ஆனால் பட்டியலில் இதற்குத்தான் முதல் இடம் தர வேண்டும். ஆக்சிடோசினுக்குப் பதிலாக வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் வந்திருக்கிறது. 30 டிகிரி வரை வெளியிலேயே வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. இயல்பான பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுப்பதில் அது ஆக்சிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று அதில் தெரிந்தது. லோரசெபாம் இருக்கும் இடத்தில் அறை வெப்பநிலையில் இருக்கக்கூடிய மிடசோலமைப் பல ஆம்புலன்ஸ் சேவைகள் வைத்துக்கொள்கின்றன. மருத்துவர் ஒத்துக்கொண்டால் மருந்தை மாற்றுவதுதான் மிக இலேசான, ஒருபோதும் பழுதாகாத வெப்பக் கட்டுப்பாடு. மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு பெட்டிக்கு வரலாம்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு இல்லாமல் வழிகளை ஒப்பிட்டால் அது வெறும் அபிப்பிராயமாகிவிடும். அதனால் ஒரே ஒரு பெட்டியை மனதில் வைத்துக்கொள்வோம். இரண்டு ஆட்டோ இன்ஜெக்டர் படுக்கும் அளவு: உள்ளே 17 செ.மீ. நீளம், 8 அகலம், 5 உயரம். சுற்றிலும் 2 செ.மீ. பாலியூரித்தேன் நுரை. இந்தப் பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு கசியும் என்று போட்டுப் பார்த்தால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 0.1 வாட் வருகிறது. வெளியே 40, உள்ளே 28 என்றால் 1.2 வாட். பார்க்க அற்பம். ஆனால் அது ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

வெளியே 40 என்பதுகூட மிதமான நிலைதான். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளிக்காற்றைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே நடந்துவிடுகிறது. 33 டிகிரி நாளில் காருக்குள் 55 என்பது சாதாரணம். அப்போது கசிவு 2.7 வாட்.

வெப்பக்காப்பு மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். இரண்டு பேனாவும் கொஞ்சம் பிளாஸ்டிக்கும் சேர்ந்து நூறு கிராம் என்றால், அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 200 ஜூல் போதும். 0.1 வாட் கசிவில், சுமார் அரை மணி நேரத்தில் உள்ளே இருக்கும் மருந்து வெளிவெப்பத்தை நோக்கிப் பாதி தூரத்துக்கும் மேல் போயிருக்கும். நுரை வைத்த அழகான பைகள் விற்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். காப்புச்சுவர் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே வந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

ஐஸ்

வாங்கி வைத்துக்கொள்வதில் ஐஸுக்கு நிகர் இல்லை. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். நஞ்சில்லை, எங்கும் கிடைக்கும், சிந்தினாலும் வெறும் தண்ணீர். அப்புறம் என்ன குறை? அது பூஜ்ஜியத்தில் உருகுகிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் அது பூஜ்ஜியத்தில்கூட இருக்காது, கழித்தல் 15, 20-இல் இருக்கும். மருந்துக் குப்பியை அதன்மேல் சாய்த்தால் உறைந்துவிடும்.

தடுப்பூசித் துறையில் இதற்கு ஒரு கைப்பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஐஸ் பொட்டலத்தை உறைபெட்டியிலிருந்து எடுத்து வெளியே பரப்பிவைக்கிறார்கள். மேலே படிந்த வெண்பனி கரைந்து, பொட்டலம் முழுக்க வியர்க்கத் தொடங்கும். அவ்வப்போது எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். முதலில் கல்போலச் சத்தமே இல்லாமல் இருக்கும். நேரம் ஆக ஆக, உள்ளே ஐஸ்கட்டி தண்ணீரில் மோதும் ‘களக்’ ஒலி கேட்கும். அந்த ஒலி வந்தால்தான் பொட்டலம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது, பெட்டியில் அடுக்கலாம் என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் காதால் வெப்பநிலை அறியும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அது பொறுமையான காலையைக் கேட்கிறது. அவசரம் வந்த நேரத்தில் ஐஸ் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டிருக்க முடியாது. அறை வெப்பநிலை மருந்துகளுக்கோ ஐஸ் பக்கமே போகக் கூடாது.

உடைத்தால் குளிரும் இரசாயனப் பொட்டலங்களையும் சிலர் சொல்கிறார்கள். சுளுக்குக்கு நல்லது. ஒரே தடவைதான் வேலை செய்யும், எத்தனை டிகிரியில் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. மருந்துக்கு வேண்டாம்.

ஈரப்பை

தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஐஸ் உருகுவதைப்போல ஏழு மடங்கு: கிராமுக்கு 2.4 கிலோஜூல். இதை வைத்துச் செய்த துணிப்பைகள் இருக்கின்றன. குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே வகை உறிஞ்சும் மணிகள் உள்ளே தைத்திருக்கும். சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் மணிகள் ஜெல்லாக ஊதிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், உறைந்துபோகும் பயமும் இல்லை.

ஆனால் எவ்வளவு குளிரும் என்பதைப் பை முடிவு செய்வதில்லை, காற்றின் ஈரப்பதம்தான் முடிவு செய்கிறது. 40 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரத்துணி 22, 23 டிகிரி வரை இறங்க முடியும். பிரமாதம். 35 டிகிரியில் ஈரப்பதம் 80 என்றால் 32-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அதோடு அதற்குக் காற்றோட்டம் வேண்டும். முதுகுப்பைக்குள் திணித்தால் ஆவியாதல் நின்றுவிடும். தினமும் இன்சுலின் போடுகிறவர் எப்படியும் தினமும் பையைத் தொடுவார், அவருக்கு வறண்ட ஊரில் இது நல்ல துணை. மாதக்கணக்கில் தொடாத அவசரப் பேனாவுக்கு இது ஒத்துவராது. வேண்டிய நாளில் அது காய்ந்துதான் கிடக்கும்.

பெல்டியர்

கல்லூரித் திட்டங்களில் பத்துக்கு எட்டு இங்கேதான் வந்து நிற்கும். இரண்டு உலோகங்களின் சந்திப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் என்று 1834-இல் பெல்டியர் கண்டார். இன்று 4 செ.மீ. சதுரத்தில் பீங்கான் சில்லாகக் கிடைக்கிறது. மின்முனையைத் திருப்பினால் அதே சில்லு சூடாக்கும். நாம் சொன்ன டிகிரியில் நிற்கும், திரையில் எண் காட்டும், செய்துகாட்டும்போது கைதட்டு வாங்கும்.

கணக்கைப் போடுவோம். வெளியே 35, உள்ளே 5 என்றால் நம் பெட்டியில் கசிவு 3 வாட். இந்த அளவு வித்தியாசத்தில் பெல்டியர் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற இரண்டு வாட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும். விசிறியையும் சேர்த்து 7 வாட் என்று வையுங்கள். 18650 வகை லித்தியம் செல் ஒன்று ஏறத்தாழ 10 வாட்மணி தரும். நான்கு செல் வைத்தால் ஐந்தரை மணி நேரம். இதைப் பார்த்து நானே சற்று அசந்துபோனேன், ஏனென்றால் எடைக்கு எடை பார்த்தால் இது மோசமில்லை. அந்த நான்கு செல்லின் எடையில், 6 டிகிரிக்குச் சற்றுக் கீழே உருகும் டெட்ராடெக்கேன் மெழுகு (இந்த வழி அடுத்து வருகிறது) இருந்தால் நான்கு மணி நேரத்துக்குக் கிட்டத்தான் தாங்கும்.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெளியே தள்ளும் வெப்பம் எங்காவது போக வேண்டும். அதற்கு வெப்பத்தட்டும் விசிறியும் திறந்த காற்றும் தேவை. மூடிய பைக்குள் வைத்தால், தான் கக்கிய சூட்டையே மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு சுற்றும். அதைவிடப் பெரிய சிக்கல் பேட்டரி தீர்ந்த பிறகு வருகிறது. பெல்டியர் சில்லு நல்ல வெப்பக்கடத்தி. அணைந்து கிடக்கும்போது அந்த ஒரு சில்லு வழியாக மட்டும் டிகிரிக்கு அரை வாட் வரை கசியக்கூடும். பெட்டியின் மொத்தச் சுவரும் கசியவிடுவதே 0.1 வாட்தான் என்பதை நினைவில் வையுங்கள். நல்ல காப்புச்சுவர் கட்டி, அதில் நாமே ஒரு ஓட்டை போட்டதுபோல ஆகிவிடுகிறது. பேட்டரி இருக்கும்வரை பெட்டி, தீர்ந்தால் பெட்டி இல்லாததைவிடக் கொஞ்சம்தான் மேல்.

பேட்டரி தீர்வது எப்போது? யாரும் கவனிக்காத நாட்களில். அதனால்தான் தனி மனிதர் பையில் சுமக்கும் அவசர மருந்துக்கு நான் பெல்டியரைச் சிபாரிசு செய்வதில்லை. ஆம்புலன்ஸில் வைத்தால் கதை மாறும். வண்டியின் மின்சாரம் எப்போதும் இருக்கும், காற்றோட்டத்துக்கு இடம் இருக்கும், ஒவ்வொரு வேலைமுறை மாறும்போதும் சரிபார்க்க ஆள் இருப்பார். அங்கேகூட, சில்லைப் பெட்டியில் பதிக்காமல் பெட்டி உட்காரும் மேடையில் பதிக்கலாம். மேடையில் இருக்கும்போது அது மெழுகை உறையவைக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது சில்லும் அதன் கசிவும் வண்டியிலேயே நின்றுவிடும். 2 முதல் 8 டிகிரி மருந்துக்கு நான் பார்த்ததில் இதுதான் சரியான ஏற்பாடு.

மெழுகு

இப்போது என் மனதுக்கு நெருங்கிய வழிக்கு வருகிறேன். உருகும்போது வெப்பத்தை விழுங்கி, உறையும்போது திருப்பித் தரும் பொருள்கள் ஐஸ் மட்டுமல்ல. பாரஃபின் குடும்பத்தில் கார்பன் எண்ணிக்கை ஏற ஏற உருகுநிலையும் ஏறுகிறது. டெட்ராடெக்கேன் 6-க்கு அருகே, ஹெக்சாடெக்கேன் 18, ஹெப்டாடெக்கேன் 22, ஆக்டாடெக்கேன் 28. கிலோவுக்கு 210 முதல் 240 கிலோஜூல் வரை பிடிக்கும்.

எபிநெஃப்ரினுக்கு எதை எடுப்பது? 20–25-க்கு நடுவே என்று யோசித்து 22 டிகிரி ஹெப்டாடெக்கேனைத்தான் பலரும் கையிலெடுப்பார்கள். காகிதத்தில் அது சரி. ஆனால் வீட்டு அறை 25 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். மெழுகு அலமாரியிலேயே முழுக்க உருகிக் கிடக்கும். வெளியே எடுத்துப் போகும் நாளில் அது வெறும் எண்ணெய், விழுங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு முறையும் குளிரவைத்து எடுக்க வேண்டும். மறுபடியும் அந்த ‘காலை’ தேவைப்படுகிறது.

28 டிகிரி ஆக்டாடெக்கேனை எடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. 25 டிகிரி அறையில் அது கெட்டியாக, முழுக்க நிரம்பிய நிலையில் காத்திருக்கும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். வெயிலில் போனால் 28-இல் உருகத் தொடங்கி, அனுமதித்த உச்சமான 30-க்குக் கீழே மருந்தை நிறுத்திவைக்கும். மருந்து சில மணி நேரம் 28-இல் இருப்பது குறிப்புத்தாள் அனுமதிக்கும் எல்லைக்குள்தான்.

குளிருக்கு என்ன செய்வது? அங்கே ஆக்டாடெக்கேனால் பயனில்லை, அது ஏற்கெனவே உறைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பொட்டலம் 18 டிகிரி ஹெக்சாடெக்கேனை வையுங்கள். அறையில் அது திரவம். பனியில் போகும்போது 18-இல் உறையத் தொடங்கி, வெப்பத்தைக் கக்கி மருந்தைப் பிடித்து நிறுத்தும். 20-க்கும் 26-க்கும் இடையே உள்ள எந்த அறையிலும் ஒன்று கெட்டியாக, மற்றொன்று திரவமாக, இரண்டும் தத்தம் வேலைக்கு முழுத் தயாராக இருக்கும். சாதாரண அறையே இந்தப் பெட்டிக்குச் சார்ஜர். முதல் கேள்விக்கு மனதாரப் பதில் சொல்லும் ஒரே வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் நுரைப்பெட்டியில் ஒவ்வொன்றும் 150 கிராம் வைத்தால் 40 டிகிரி வெளியில் 8 மணி நேரம் தாங்கும். 55 டிகிரி காருக்குள் மூன்றரை மணிக்கும் சற்று மேல். கழித்தல் 5 டிகிரிக் குளிரில் 4 மணிக்குச் சற்று மேல். இவை ஏட்டுக்கணக்கு. மூடி இடுக்கு, திறந்து மூடுவது எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மெழுகின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. அது எரியும் பொருள். உருகும்போது பத்தில் ஒரு பங்குபோல விரியும், ஆகவே பொட்டலத்தைத் ததும்ப நிரப்பினால் தையல் விட்டுவிடும். எண்ணெய்த் தன்மை மெல்லிய பாலித்தீனை ஊடுருவும், எனவே அலுமினியத் தாள் ஒட்டிய பை நல்லது. வெப்பத்தைக் கடத்துவதில் அது சோம்பேறி. ஒரே கட்டியாக வைத்தால் ஓரம் உருகி நடு அப்படியே இருக்க, மருந்து சூடாகிக்கொண்டிருக்கும். சப்பையான பொட்டலங்களாக்கி மெல்லிய அலுமினியத் தகட்டோடு ஒட்டி வைக்க வேண்டும். எரியாத உப்பு வகைகள் இருக்கின்றன, ஆனால் கால்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் உருகுவது 29, 30 டிகிரியில், நம் எல்லையின் விளிம்பில். பல தடவை உருகி உறைந்தால் அது பிரிந்து படியவும் செய்யும், உலோகத்தையும் அரிக்கும்.

இன்னொரு குறையைப் பலர் பெட்டி செய்து முடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். வெளி வெப்பத்தைத் தடுக்கும் அதே சுவர், உருகிய மெழுகு மறுபடி உறைவதையும் தடுக்கும். மாலையில் 24 டிகிரி அறைக்குத் திரும்பினால் வித்தியாசம் 4 டிகிரிதான். மூடிய நுரைப்பெட்டி மணிக்கணக்கில் அல்ல, ஒரு முழு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். காப்பு எவ்வளவு நல்லதோ அவ்வளவு தாமதம். அதனால் மெழுகையும் மருந்தையும் சேர்த்து ஒரே அலுமினியக் கூடாக உருவியெடுக்கும்படி செய்ய வேண்டும். இரவில் கூட்டை வெளியே எடுத்து மேசைமேல் நிறுத்தினால் காலைக்குள் பெரும்பாலும் உறைந்துவிடும். மருந்துக்கும் அறை வெப்பநிலை ஏற்றதுதான் என்பதால் எதையும் பிரிக்கத் தேவையில்லை. இரவிலும் அறை 28-க்கு மேலேயே இருக்கும் வீட்டில் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே மருந்தை எடுத்து வைத்துவிட்டு, கூட்டை மட்டும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து உறையவைக்க வேண்டும். தொட்டால் சில்லிப்பு விட்ட பிறகே மருந்தைத் திரும்ப வைக்கலாம்.

சுவர் எதில்?

நுரை மலிவு, வெட்டலாம், அடிபட்டாலும் பரவாயில்லை. வெற்றிடப் பலகைகள் அதைவிடப் பல மடங்கு காக்கும், ஆனால் அளவுக்கு வெட்ட முடியாது, ஒரு ஆணி குத்தினால் நுரையின் தரத்துக்கு இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே எல்லோரும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது: அகன்ற வாய் எஃகு தெர்மாஸ் குடுவை. 1892-இல் ஜேம்ஸ் டூவர் செய்த அதே இரட்டைச்சுவர் வெற்றிடம். ஒரு நல்ல அரை லிட்டர் குடுவையின் கசிவு டிகிரிக்கு 0.03 வாட்டுக்கு அருகில்தான், நம் நுரைப்பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் வளையமாக ஒவ்வொரு மெழுகிலும் 100 கிராம் வைத்தால் 40 டிகிரியில் 18 மணி நேரம், 55 டிகிரி காருக்குள் 8 மணி நேரம் கணக்கில் வருகிறது.

தனி மனிதருக்கு என் தேர்வு இதுதான். ஆனால் திருகுமூடியை அப்படியே விட்டுவிடக் கூடாது. மூச்சுத் திணறும் ஒருவரின் பக்கத்தில் நின்று, வியர்த்த கையால் மூடியைத் திருகிக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். 3 செ.மீ. தடிமனுள்ள நுரை அடைப்பானில் பட்டை தைத்து, ஒரே இழுப்பில் மூடியும் கூடும் சேர்ந்து வெளியே வரும்படி செய்ய வேண்டும். அப்புறம், தண்ணீர்க் குடுவைபோலத் தெரியக் கூடாது. திறக்கப்போவது உரியவராக இல்லாமல் யாரோ ஒரு வழிப்போக்கராக இருக்கலாம். என்ன மருந்து, யாருக்கு, எப்படிப் போடுவது என்பது வெளியிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து முக்கால் கிலோவுக்கு அருகில் வரும். சிறு குழந்தையின் பைக்கு அது கனம்தான். நாள் முழுக்க நிழலிலும் அறையிலும் இருக்கும் குழந்தைக்குக் குறைந்த மெழுகோடு ஒரு சின்ன நுரையுறை போதும்.

பல மருந்துகளைச் சேர்த்துச் சுமக்கும் குழுவுக்குக் குடுவை சரிவராது. அவர்களுக்கு வெற்றிடப் பலகைப் பெட்டி, ஆணி குத்தாத கடினமான வெளிக்கூட்டோடு.

எப்படித் தெரிந்துகொள்வது?

மெழுகுப் பெட்டியில் வெப்பமானி ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றும். மெழுகு தொண்ணூறு சதவீதம் மிச்சமிருந்தாலும் 28, ஐந்து சதவீதம் மிச்சமிருந்தாலும் 28. எண் நகரத் தொடங்கும்போது கையிருப்பு ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இதற்குப் பேட்டரி இல்லாத வழி ஒன்று மெழுகுக்குள்ளேயே இருக்கிறது. கெட்டியான ஆக்டாடெக்கேன் பால்வெள்ளை, உருகினால் தண்ணீர்போலத் தெளிவு. ஒரு பொட்டலத்துக்கு மட்டும் சிறிய ஒளிபுகும் சாளரம் வைத்து, பின்னால் சிவப்புக் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் நிரம்பியிருக்கிறது. கோடு தெரியத் தொடங்கினால் தீர்ந்துகொண்டிருக்கிறது.

அதற்கு மேல், நாணய பேட்டரியில் ஓடும் சிறிய பதிவுக்கருவி ஒன்று இருந்தால் நல்லது. அதன் சென்சார் காற்றில் தொங்கக் கூடாது. தண்ணீர் நிரப்பிய ஒரு வெற்றுப் பேனாவுக்குள் செருகினால்தான் மருந்து உணரும் வெப்பநிலையைக் காட்டும். எச்சரிக்கை, உரியவரின் கைபேசிக்குச் சாவகாசமான நேரத்தில் போக வேண்டும். பெட்டியின்மேல் சிவப்பு விளக்கு வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் உயிருக்குப் போராடும்போது அந்த விளக்கைப் பார்த்து ‘இதைப் போடலாமா, வேண்டாமா’ என்று யாரும் தயங்கி நிற்கக் கூடாது. மருந்து சூடுபட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். மாற்று மருந்து வாங்கும் வேலையும் அமைதியான நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். ஊசிப்பேனாவின் சாளரம் வழியே மருந்து தெளிவாக இருக்கிறதா, பழுப்பேறியிருக்கிறதா, துகள் மிதக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதும் அந்த அமைதியான நாளின் வேலைதான்.

செய்த பெட்டியை மருந்து வைத்துச் சோதிக்காதீர்கள். தண்ணீர் நிரப்பிய போலிப் பேனாக்களோடு வெயிலில் நிறுத்திய காரில் ஒரு பகல், உறைபெட்டியில் நான்கு மணி நேரம், பிறகு இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் ஐந்தாறு தடவை போட்டுவிட்டு மறுபடியும் காரில் ஒரு பகல் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பதிவான வரைகோட்டை எடுத்துப் பாருங்கள். 28-இல் தட்டையாக ஓடும் கோடு எந்த மணியில் மேலே வளைகிறதோ, அதுதான் உங்கள் பெட்டியின் உண்மையான நேரம். அதை எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். கடைசியாக, பெட்டியை முன்பின் பார்த்திராத ஒருவர் கையில் கொடுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து விநாடிக்குள் பேனா அவர் கைக்கு வரவில்லையென்றால், மூடியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.